ஆசிரியர் இல்லாத தோட்டமும் தோட்டம் இல்லாத ஆசிரியரும்

கியோட்டோ நகரின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது சைஹோஜி. வடமேற்கில், தங்கக் கோயிலான கிங்ககுஜியிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ரியோவான்ஜி. இரண்டும் ரின்சாய் ஜென் மரபைச் சேர்ந்த கோயில்கள். 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இரண்டும் ஒரே பதிவின் கீழ் இடம்பெற்றன. ஆனால் பயண நூல்கள் இவற்றை எதிரெதிர் முனைகளில்தான் நிறுத்துகின்றன. முன்னதில் பச்சைப் பாசி, பின்னதில் வெறும் கல். அங்கே ஈரம், இங்கே வறட்சி.

புகைப்படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது சரியாகவே படும். வரலாற்றுக்குள் போனால் இந்த எதிர்நிலை கலைந்துவிடுகிறது. ரியோவான்ஜியின் கற்களுக்கு முன்னோடி, சைஹோஜியின் மேல்தோட்டத்தில் சரிவோடு சரிவாகக் கிடக்கிறது. சைஹோஜியின் குளத்துக்கு இணையான ஒரு குளம், ரியோவான்ஜியின் வாசலைத் தாண்டியதுமே எதிர்ப்படுகிறது. ஆளுக்குப் பாதி கல், பாதி தண்ணீர் என்றுதான் இரண்டு கோயில்களும் தொடங்கியிருக்கின்றன. அவற்றை உண்மையில் பிரிப்பவை வேறு இரண்டு கேள்விகள். தோட்டத்தை ஆக்கியவர் யார்? பார்க்க வருபவரை அது எப்படி உள்ளே விடுகிறது?

முதலில் சைஹோஜி. கோயில் மரபுப்படி எட்டாம் நூற்றாண்டில் கியோகி என்ற துறவி நிறுவியது. அதன் இப்போதைய வரலாறு தொடங்குவது 1339-இல். அருகிலுள்ள மாட்சுவோ ஷிண்டோ ஆலயத்தின் தலைமைப் பூசகர், சிதைந்து கிடந்த இடத்தைச் சீர்செய்யும்படி முசோ சோசெகி என்ற ஜென் குருவை அழைத்தார். முசோ (1275–1351) சாதாரண ஆள் இல்லை. பேரரசர்களும், ஷோகுன்கள் எனப்பட்ட படைத்தலைமை ஆட்சியாளர்களும் மதித்த குரு. டென்ரியூஜி கோயிலை நிறுவியவர். சீனத்தோடு வாணிகம் நடத்தி அந்தக் கோயிலுக்குப் பணம் திரட்டும் திட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. அவர் சைஹோஜியை இரண்டு அடுக்காக அமைத்தார். கீழே குளமும் தீவுகளும் மண்டபங்களும் கொண்ட உலாத்தோட்டம். மேலே, ஒரு வாயிலைக் கடந்து படியேறினால், தண்ணீரே இல்லாத அருவி. பாறைகளை மூன்று படிகளாக அடுக்கி, வெள்ளம் விழுந்து ஓடுவதைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். கரேசன்சுய் எனப்படும் நீரற்ற நிலக்காட்சிக்கு, ஜென் கோயில்களில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக இதைத் தோட்ட வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ரியோவான்ஜியின் கல்தோட்டத்துக்குத் தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம்.

கீழ்த்தோட்டம் அந்தக் காலத்தில் பெற்ற புகழ் இன்றைய புகழுக்குக் குறைந்தது அல்ல. மூன்றாம் ஷோகுன் அஷிகாகா யோஷிமிட்சு தங்கக் கோயிலைக் கட்டும்போது இதைத்தான் மனத்தில் வைத்திருந்தார். எட்டாம் ஷோகுன் யோஷிமாசாவுக்கு இது கிட்டத்தட்ட வெறியாகவே இருந்தது. பின்னாளில் வெள்ளிக் கோயில் எனப் பெயர்பெற்ற கிங்ககுஜியை (தங்கக் கோயிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்) சைஹோஜியின் மாதிரியில்தான் அவர் அமைத்தார். அவருடைய தாய்க்கும் அந்தத் தோட்டத்தைப் பார்க்க ஆசை. ஆனால் பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. நாட்டை ஆளும் ஷோகுனின் தாயாக இருந்தும் விதி விதிதான். மகன் தன் தாகாகுரா மாளிகையில் அதன் நகலொன்றை அமைத்துக் கொடுத்தார். பார்க்க முடியாத தோட்டம் என்ற பெயர் சைஹோஜிக்கு இன்று நேற்று வந்ததல்ல.

அந்தப் பழைய சைஹோஜியில் பாசி இல்லை என்பதுதான் ஆச்சரியம். இருந்திருந்தாலும் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. முசோவின் காலத்தில் குளக்கரையில் வெண்மணல் இருந்தது, செர்ரி மரங்கள் இருந்தன. ஷோகுன்கள் வந்தது பூப்பார்க்க. பதினைந்தாம் நூற்றாண்டில் ஓனின் போர் (1467–1477) கியோட்டோவைச் சாம்பலாக்கியபோது சைஹோஜியின் கட்டடங்களும் எரிந்தன. பிறகு எடோ என்னும் பிற்கால ஷோகுன் ஆட்சியில் வெள்ளம். பராமரிக்கப் பணமில்லை. ஷோகுன் ஆட்சி முடிந்து மெய்ஜி அரசு வந்து கோயில்களின் நிலங்களை எடுத்துக்கொண்டதும் நிலைமை இன்னும் மோசமானது. மணலைச் சலித்துப் பரப்ப ஆளில்லை, மரங்களைக் கழிக்க ஆளில்லை. மரங்கள் அடர்ந்தன, நிழல் விழுந்தது, பக்கத்து மலையிலிருந்து கசியும் நீர் தேங்கியது. எடோவின் பிற்பகுதிக்கும் மெய்ஜிக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு தலைமுறையில் பாசி தானாகவே வந்து தரையைப் பிடித்துக்கொண்டது.

இன்று அங்கே 120 வகைப் பாசிகள் இருப்பதாகக் கோயில் சொல்கிறது. கொக்கேதெரா, அதாவது பாசிக் கோயில், என்பதே ஊர்வழக்கில் அதன் பெயர். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. இலை வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. காற்றில் ஈரம் குறைந்தால் சுருண்டு சாம்பல் நிறமாகிவிடும், மழை விழுந்த சிறிது நேரத்தில் மீண்டும் பச்சையாகும். மலைகள் சூழ்ந்த கியோட்டோவின் புழுக்கம் மனிதர்களுக்குத் தொல்லை, பாசிக்கு வரம். ஜூன் மாத மழைக்காலத்தில் சைஹோஜி உச்சத்தில் இருப்பது அதனால்தான். குடையோடு போகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படத் தேவையில்லை, அவர்கள் சரியான நாளில் வந்திருக்கிறார்கள்.

கவனிக்காமல் விட்டதால் வந்தது என்பதற்காகக் கவனிக்காமல் விட்டால் நிலைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உதிர்ந்த இலை ஒரு வாரம் பாசிமேல் கிடந்தால் வெளிச்சம் மறைந்து அந்த இடம் அழுகும். ஆகவே தோட்டக்காரர்கள் மூங்கில் துடைப்பத்தால், பாசி பெயராதபடி கைபார்த்துப் பெருக்குகிறார்கள். களையைக் குனிந்து விரலால் பிடுங்குகிறார்கள். பறவைகள் புழு தேடிக் கிளறிப்போட்ட துண்டுகளைத் திரும்பப் பதிக்கிறார்கள். பராமரிப்பு நின்றதால் பிறந்த அழகு, இன்று ஜப்பானிலேயே மிகக் கடுமையான பராமரிப்பைக் கேட்கும் தோட்டங்களில் ஒன்றாக ஆகியிருக்கிறது. முசோவின் பெயர் ஒவ்வொரு கையேட்டிலும் இருக்கிறது. அவர் போட்ட மணலையும் அவர் பார்த்த வெளிச்சத்தையும் பாசி மூடிவிட்டது. கல்லடுக்கும் குளத்தின் வரம்பும் மட்டுமே அவருடையவை.

ரியோவான்ஜியின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே தோட்டம் இருக்கிறது, ஆசிரியர் இல்லை.

1450-இல் ஹொசோகாவா கட்சுமோட்டோ என்ற பெரும் பிரபு, அதற்குமுன் வேறொரு பிரபுக் குடும்பத்தின் மாளிகையாக இருந்த இடத்தில் இந்தக் கோயிலை நிறுவினார். சைஹோஜியை எரித்த அதே ஓனின் போரில் ஒரு தரப்புக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். தான் கட்டிய கோயிலும் அந்தப் போரில் எரிந்துபோனது. போர் முடியுமுன்னே அவரும் இறந்தார். 1488-இல் மகன் மசமோட்டோ கோயிலை மீண்டும் எழுப்பினார். கல்தோட்டம் இந்த மறுகட்டுமானத்தின்போது, பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் அமைந்தது என்பது பொதுவான ஊகம். ஓவியர் சோஆமி அமைத்தார் என்பது மரபுவழிக் கதை. ஆதாரம் என்று கேட்டால் கையில் ஒன்றுமில்லை.

இருக்கும் தடயங்களோ இந்த ஊகத்தைக் குழப்புகின்றன. 1588-இல், அப்போது ஜப்பானை ஆண்ட டொயோடோமி ஹிதெயோஷி இங்கே வந்தார். உடன் வந்தவர்கள் கவிதை எழுதினார்கள். எல்லாம் அங்கிருந்த தொங்குகிளைச் செர்ரி மரத்தைப் பற்றி. கற்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 1680-களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட குறிப்பொன்று ஒன்பது பெரிய கற்களைப் பேசுகிறது. இன்றிருப்பவை 15. நடுவில் ஏதோ மாறியிருக்கிறது, அல்லது எண்ணியவர் சிறு கற்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1797-இல் தீவிபத்தில் தலைமைத் துறவியின் மண்டபமான ஹோஜோ அழிந்தது. இப்போதிருக்கும் மண்டபம் ஒரு துணைக்கோயிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. தீக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1799-இல் அகிசாதோ ரிதோ வெளியிட்ட கியோட்டோத் தோட்டங்களின் படநூலில்தான் இன்று நாம் பார்க்கும் அமைப்பு தெளிவாகத் தெரிகிறது. ஆக, ‘ஐந்நூறு ஆண்டுப் பழமையான தோட்டம்’ என்ற வரியை எழுதும்போது பேனா சற்றுத் தயங்குவது நல்லது.

ஆசிரியர் பெயர் என்று ஏதாவது இருக்கிறதென்றால், அது ஒரு கல்லின் முதுகில் இருக்கிறது. பின்வரிசைக் கல்லொன்றில், மண்டபத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், இரண்டு ஆட்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கொதாரோ. மற்றதை எப்படி வாசிப்பது என்பதில் கருத்து வேறுபாடு. குடும்பப் பெயர் இல்லை, பட்டம் இல்லை. அதனால் இவர்கள் கவாராமோனோ, அதாவது ஆற்றங்கரை ஆட்கள், என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். தோல் உரிப்பது, செத்த விலங்குகளை அகற்றுவது போன்ற வேலைகளைச் செய்ததால் தீட்டுக்குரியவர்களாக ஒதுக்கப்பட்டு, வரி இல்லாத ஆற்றுப்படுகைகளில் குடியிருந்தவர்கள். கல் தூக்குவதும் மரம் நடுவதும் மண் கிளறுவதும் இவர்கள் தலையில் விழுந்தன. கைப்பழக்கம் நாளடைவில் கலையாக மாறியது. யோஷிமாசா தோட்ட வேலைகளுக்கு நம்பியிருந்த ஜென்அமி இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்தான். தோட்டம் என்றால் ஜென், ஜென் என்றால் தியானத்தில் அமர்ந்த துறவி என்று ஓடும் கற்பனையை அந்தக் கல்லின் முதுகு கொஞ்சம் நிறுத்திவைக்கிறது. இந்தத் தோட்டத்துக்குப் பணம் போட்டது ஒரு போர்க்குடும்பம், வியர்வை சிந்தியது ஒதுக்கப்பட்டவர்கள்.

‘ஜென் தோட்டம்’ என்ற பெயரே மிகவும் பிந்தியது. அமெரிக்கரான லொரெய்ன் குக் 1935-இல் வெளியிட்ட கியோட்டோத் தோட்டங்கள் பற்றிய நூலிலிருந்துதான் அது பரவியது என்று தோட்ட வரலாற்றாசிரியர் வைபெ குய்டெர்ட் வாதிடுகிறார். அதற்குமுன் ரியோவான்ஜியின் புகழ் கற்களால் வந்ததல்ல. எடோ காலத்துக் கியோட்டோவாசிகள் அங்கே போனது கியோயோச்சி என்ற பெரிய குளத்துக்கும் அதில் நீந்திய மாண்டரின் வாத்துகளுக்கும்தான். வாத்துக் கோயில் என்ற பெயர்கூட இருந்தது. கல்தோட்டம் உலகப் புகழ் பெற்றது இருபதாம் நூற்றாண்டில். 1975-இல் எலிசபெத் அரசி வந்து பாராட்டிவிட்டுப் போனார். இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1980-களில் கோயிலின் பெயரிலேயே ஓர் இசைத்தொகுதி எழுதினார். வடிவத்தைச் சுருக்கிச் சுருக்கி ஒன்றுமில்லாமல் ஆக்குவதில் ஈடுபட்டிருந்த ஒரு நூற்றாண்டு, தனக்கு ஏற்ற தோட்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. சைஹோஜியைப் பாசி மாற்றியது. அந்த நூற்றாண்டில் ரியோவான்ஜியில் ஒரு கல்லும் நகராமல், பார்ப்பவர்களின் கண் மாறியது.

சரி, என்னதான் இருக்கிறது அங்கே? ஏறத்தாழ 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் வெள்ளைச் சரளை. அதில் ஐந்து திட்டுகளாக 15 கற்கள். அவற்றின் அடியைச் சுற்றிக் கொஞ்சம் பாசி. வேறு செடி கிடையாது. சரளையைத் துறவிகள் வாருகோலால் கோடு கோடாக வாருகிறார்கள். இரண்டு பக்கம் தாழ்ந்த மண்சுவர். எண்ணெய் சேர்த்துப் பிசைந்த மண் என்பதால், நூற்றாண்டுகளாக அது கசிந்து சுவரில் பழுப்பும் காவியுமாகப் படிந்திருக்கிறது. என் பார்வையில் அந்தச் சுவர்தான் தோட்டத்தின் பாதி அழகு. அது இல்லாவிட்டால் கற்கள் வெளியே வழிந்து ஓடிவிடும்.

உள்ளே இறங்க முடியாது. ஹோஜோவின் மரத் திண்ணையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் 15 கற்களில் ஒன்றாவது மற்றொன்றின் பின்னால் மறைந்துவிடும். இதை வைத்து எத்தனையோ தத்துவம் பேசுகிறார்கள். முழுமை மனிதனுக்கு எட்டாது என்பார் ஒருவர். பெண்புலி குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஆறு கடக்கிறது என்பது பழைய விளக்கம். மேகத்துக்கு மேலே மலைமுகடுகள் என்பது இன்னொன்று. வழிகாட்டிகள் இவற்றை ஒப்பிக்கும்போது எனக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது. கற்கள் எதையாவது குறித்தே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பார்ப்பவருடையது, கல்லுடையது அல்ல. 2002-இல் ‘நேச்சர்’ இதழில் கெர்ட் வான் டோண்டரும் உடனாய்வாளர்களும் எழுதிய சிறு கட்டுரை வேறு வழியில் போனது. கற்களை விட்டுவிட்டு, கற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை அளந்தார்கள். அந்த வெற்றிடத்தின் நடுக்கோடுகளை இழுத்துப் பார்த்தால், கிளைவிட்ட மரம் போன்ற உருவம் கிடைத்தது. அதன் அடிமரம், மண்டபத்திலிருந்து பார்ப்பதற்குப் பழங்காலத்தில் உகந்ததாக இருந்த இடத்துக்கு அருகே வந்து சேர்ந்தது. கற்களை ஏனோதானோவென்று இடம் மாற்றினால் அந்த அமைப்பு கெட்டுவிடுகிறது என்றும் காட்டினார்கள். நம் கண் அந்த மரத்தை அறியாமலே உணர்கிறது என்பது அவர்கள் ஊகம். ஊகம்தான். புலிக்குட்டியைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

சைஹோஜியில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். குளத்தைச் சுற்றி ஒரு பாதை. அதைவிட்டு இறங்கக் கூடாது. பத்தடிக்கு ஒரு காட்சி மாறும். தீவு மரத்தின் பின்னே போகும், பாலம் வெளியே வரும், தேநீர்க் கலைஞர் சென் ஷோஆன் கட்டிய ஷோனான்தெய் தேநீர் மண்டபத்தின் கூரை தலைகாட்டும். முழுத்தோட்டத்தையும் ஒரே நோக்கில் பார்க்க இங்கேயும் இடமில்லை. ரியோவான்ஜியில் ஒரு கல் மறைந்தால் அதற்கு ஆயிரம் பொழிப்புரை. இங்கே முக்கால் தோட்டம் மறைந்தாலும் யாரும் தத்துவம் சொல்வதில்லை. நடக்கும் தோட்டத்தில் மறைவு இயல்பு, உட்காரும் தோட்டத்தில் மறைவு புதிர். வேறுபாடு அவ்வளவுதான். பெரும்பாலோர் கீழ்த்தோட்டத்திலேயே மயங்கிவிடுவதால், மேலே இருக்கும் அந்த வறண்ட அருவியை நினைப்பவர்கள் குறைவு. முசோவின் கை தெளிவாகத் தெரியும் ஒரே இடம் அதுதான் என்பதால் இது கொஞ்சம் வருத்தம் தருகிறது.

இனி இரண்டாம் கேள்வி, வாசல். 1977 வரை சைஹோஜிக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். பேருந்து பேருந்தாக வந்தார்கள். பாசி மிதிபட்டது, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நிம்மதி போயிற்று. அந்த ஆண்டு கோயில் கதவைச் சாத்தியது. முன்கூட்டி விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. அதுவும் நம்மூர் ரிப்ளை கார்டு மாதிரியான இரட்டை அஞ்சலட்டையில். கோயில் நாளையும் நேரத்தையும் குறித்துப் பதில் பாதியைத் திருப்பி அனுப்பும். அண்மைக்காலமாக இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். போனவுடன் தோட்டத்துக்கு விடுவதில்லை. முதலில் மண்டபத்தில் உட்கார்ந்து, மெல்லிய அச்சில் இருக்கும் சூத்திர எழுத்துகளின்மேல் தூரிகையால் எழுத வேண்டும். ஜப்பானிய எழுத்து தெரியாதவரும் கோட்டின்மேல் கோடு இழுக்கலாம். எழுதி முடித்து, தாளைச் சமர்ப்பித்த பிறகே தோட்டம். காணிக்கை சில ஆயிரம் யென். ரியோவான்ஜியிலோ சில நூறு யென்னுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு நேரே போய்விடலாம். பள்ளிச் சுற்றுலாக்காரப் பிள்ளைகள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து சத்தமாகக் கற்களை எண்ணுவார்கள். பக்கத்தில் ஒருவர் கண்மூடித் தியானம் செய்ய முயல்வார்.

சைஹோஜியின் ஏற்பாட்டைப் பணக்காரத்தனம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் சூத்திரம் எழுதும் அந்த நேரம் செய்யும் வேலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. பேருந்தில் வந்த அவசரம், புகைப்படப் பசி, அடுத்து எங்கே என்ற கணக்கு எல்லாம் தூரிகை நுனியில் அடங்கிவிடுகின்றன. வெளியே வரும்போது நடை தானாகவே தணிந்திருக்கிறது. முசோ தந்த மணலும் செர்ரியும் போய்விட்டன. தோட்டத்தைப் பார்க்குமுன் ஆளைத் தயார்செய்யும் அந்தத் துறவிமட ஒழுங்கை, 1977-இல் கோயில் வேறொரு காரணத்துக்காக மீட்டெடுத்தது.

அப்படியானால் ரியோவான்ஜியும் இதையே செய்ய வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. பாசியைக் கூட்டம் கொல்லும், கல்லை ஒன்றும் செய்யாது. சரளையில் யாரும் கால் வைப்பதில்லை. கூட்டத்தால் கெடுவது பார்ப்பவரின் அமைதி மட்டுமே. அதைக் காப்பது பார்ப்பவரின் பொறுப்பு. எந்த நாளும், யாருடைய அனுமதியும் இல்லாமல், சில நூறு யென்னோடு போய் உட்காரக்கூடிய இடமாக அது இருப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் என்று நாம் ஊகிக்கும் ஆட்களை, அந்தக் காலத்தில் விருந்தினராகத் திண்ணையில் உட்காரவிட்டிருக்க மாட்டார்கள் என்பதை நினைத்தால் இன்னும் கூடுதலாகவே.

ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் சைஹோஜிக்கு நாள் கிடைத்த பிறகே மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குவது நல்லது. அந்த நாளை மாற்றுவது கடினம். முடிந்தால் ஜூனில். ரியோவான்ஜிக்கு முன்பதிவு ஏதும் தேவையில்லை. மார்ச் முதல் நவம்பர் வரை காலை எட்டு மணிக்கும், குளிர்காலத்தில் எட்டரைக்கும் திறக்கிறார்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்குள் திண்ணையில் இடம்பிடித்துவிட வேண்டும். கற்களை முடித்துவிட்டு எல்லோரும் அவசரமாகத் தங்கக் கோயிலுக்குக் கிளம்பும்போது, குளக்கரைப் பாதையில் அநேகமாகக் கூட்டம் இருக்காது.